பண்டிதர் புன்ஸன்

நக்ஷத்திரங்கள் எந்தெந்தப் பொருள்களால் ஆனவை என்பதை மனிதன் ஒருகாலும் அறிய இயலாதென்று 1835-ம் வருஷத்தில் பிரெஞ்சுத் தத்துவ ஞானியாகிய கோம்த் தீர்ப்புக் கூறினார். கால் நூற்றாண்டுக்குள் அத் தீர்ப்பு புரண்டுவிட்டது. அதைப் புரட்டிய இருவருள் ஒருவரான ஜெர்மானிய ரஸாயன பண்டிதர் ராபர்ட் புன்ஸனின் சரித்திரம், பொதுக் காரியங்களில் உழைப்போர் அறிய வேண்டுவதென்று நாம் கருதுகிறோம்.

1811-ல் கெட்டிங்கன் நகரில் ஒரு சர்வகலாசாலை ஆசிரியரின் புத்திரராய்ப் புன்ஸன் பிறந்தார். பாஷாண விஷத்துக்கு ஈரமான இரும்புத் துருப்பொருள் மாற்று மருந்தாகுமென்று, பெர்த்தோல்டு என்னும் வைத்தியருடன் கூடி 1834-ல் கண்டார். பின்னர், பாஷாணம் கலந்த காகோடில் வகைகளைச் சோதிக்கையில் கலம் வெடித்து அவரது வலக்கண் பார்வை போயிற்று. விஷமேறி உயிருக்கே மோசம் நேரவிருந்தது. அதன் பின்னும் சோதனைச்சாலையை அவர் விட்டாரில்லை.

1852-ல் ஹைடல்பர்க் சர்வகலாசாலையில் ஆசிரியரானார். எரிவாயுவுடன் காற்றை முன்கூட்டியே கலந்து, புகையும் நிறமுமின்றி எரியும் அடுப்பொன்றை, தேஸாகா என்னும் கருவி வினைஞரின் துணையால் 1855-ல் அமைத்தார். இன்றும் பள்ளிக்கூடங்களில் அவர் பெயராலேயே வழங்கும் அந்த அடுப்புக்கு உரிமை கோரிப் பொருளீட்ட அவர் முயலவில்லை.

நிறமற்ற அச் சுவாலையில் உப்புக்களை இட்டு, அவை தரும் நிறங்களை வர்ணக் கண்ணாடிகளின் வழியே அவர் ஆராய்ந்து வந்தார். முப்பட்டைக் கண்ணாடியால் அவ்வொளியைப் பிரித்துப் பார்க்கலாமென்று நண்பர் கிர்க்காப் யோசனை கூறினார். ஒவ்வொரு மூலப்பொருளுக்கும் மாறாத இடங்களில் தனி ஒளிக்கோடுகள் உண்டென்பது 1859, 1860-ம் வருஷங்களில் இவ்விதம் துலங்கிற்று. சூரிய ஒளியிலுள்ள கருங்கோடுகளும் அதே இடங்களில் நிற்பதைக் கொண்டு, சூரியனில் சோடியம் உண்டென்று கிர்க்காப் நிரூபித்தார். புன்ஸனோ பூமியிலேயே தேடினார். டூர்க்ஹைம் ஊற்றுநீரில் 40 டன்னுக்கு மேல் வற்றக் காய்ச்சியும், அவர் கண்ட சீஸியத்தின் குளோரைடு உப்பு சுமார் 7 கிராமே தேறிற்று. 1861-ல் ரூபிடியமும் அகப்பட்டது.

இம்முறை நம் பக்கத்துக்கும் வந்தது. 1868 ஆகஸ்டு 18-ந் தேதி பூரண சூரிய கிரகணத்தை, அப்போது சென்னை மாகாணத்திலிருந்த குண்டூரில், பிரெஞ்சு வான சாஸ்திரி ஜான்ஸன் நிறமாலைக் கருவி கொண்டு நோக்கினார். அக் கிரகணத்தில் பலர் கண்ட மஞ்சள் கோடு ஹீலியத்துக்குரியதென்று பின்னர் தெளிந்தது. அதை ராம்ஸே 1895-ல் பூமியிலும் கண்டார்.

விவாகமின்றி மாணவர்களையே குடும்பமாகக் கொண்டிருந்த புன்ஸன், 1899-ல் காலமானார். இக்காலத்தில் மூலக்கூறுகளின் வடிவத்தைக் கணினிகள் கணித்துச் சொல்லுகின்றன. எனினும், அக்கணக்கு மெய்யா என்று சோதிக்கப் புகுவோர் இன்னும் நிறமாலையையே சாக்ஷிக்கு அழைக்கின்றனர். எத்துணைப் பெரியவர் கூறினும் ‘முடியாது’ என்னும் சொல்லுக்கு அஞ்சி ஓயலாகாது. கண்டதைத் தன் உடைமையாக்காது உலகுக்கு விடவேண்டும். இவ்விரண்டையும் நாம் இப்பெரியாரிடம் கற்போமாக.