கடதாசி மனிதன் மத்தியாஸ் சிண்டெலார்

வார இறுதியில் பிள்ளைகளை உதைபந்தாட்டப் பயிற்சிக்குக் கூட்டிச் செல்லும் பெற்றோருக்கு ஒரு காட்சி நன்றாகப் பழகியிருக்கும். பந்து கிடைத்த பிள்ளையைப் பார்த்து, கோட்டுக்கு வெளியே நிற்கும் நாங்கள் எல்லோரும் கொடு, கொடு என்று கத்துவோம். பிள்ளை பதறிப்போய் உடனே கொடுத்துவிடும். பந்து நேரே எதிரணிப் பிள்ளையின் காலுக்குப் போகும். யாருக்குக் கொடுப்பது என்று சொல்கிறோமே தவிர, எதிராளி எவ்வளவு கிட்ட வந்த பிறகு கொடுப்பது என்று ஒருவரும் சொல்லிக் கொடுப்பதில்லை. அந்த ஒன்றை உலகமே வியக்கும் அளவுக்குத் தெரிந்து வைத்திருந்தவர் மத்தியாஸ் சிண்டெலார்.

1903 பெப்ரவரி 10ஆம் திகதி, அப்போது ஒஸ்ரிய-ஹங்கேரியப் பேரரசுக்குள் இருந்த மொராவியாவின் கொஸ்லொவ் என்ற சிற்றூரில் அவர் பிறந்தார். இன்று அது செக் நாட்டில் இருக்கிறது. தகப்பன் கொத்தனார். பிள்ளைக்கு இரண்டு வயதளவில் குடும்பம் பிழைப்புத் தேடி வியன்னாவுக்கு இடம்பெயர்ந்து, ஃபவோரிட்டன் என்ற தொழிலாளர் பகுதியில் குடியேறியது. செங்கல் சூளைகளை நம்பி வந்த செக் குடும்பங்கள் அங்கே நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தன. வீட்டில் ஒரு மொழி, தெருவில் இன்னொரு மொழி. பெயரைக் கேட்டவுடனேயே இவன் எங்கிருந்து வந்தவன் என்று தெரிந்துவிடும். எங்கள் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தகப்பன் முதலாம் உலகப்போருக்குப் போனார். 1917இல் இசொன்சோ போர்முனையில் இறந்தார். தாய் ஊரார் துணிகளைத் துவைத்து நான்கு பிள்ளைகளையும் வளர்த்தார். சிண்டெலார் பூட்டு, இரும்பு வேலை பழகினார். மிச்ச நேரமெல்லாம் தெருதான். கந்தல் துணியைச் சுருட்டிக் கட்டிய பந்து, ஒடுங்கிய வெளி, பத்துப் பதினைந்து பெடியன்கள். அப்படியான இடத்தில் பந்தைக் காலில் வைத்துக்கொண்டு ஓட முடியாது. ஆளுக்கும் ஆளுக்கும் இடையே எவ்வளவு இடம் இருக்கிறது, அது எப்போது மூடும் என்பதைக் கண் பழகிக்கொள்ள வேண்டும்.

1918இல் ஹேர்த்தா வியன்னா கழகத்தில் சேர்ந்தார். 1923இல் முழங்காலில் பலத்த காயம். மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்பு கிழிந்து, சத்திரசிகிச்சை செய்யவேண்டி வந்தது. அந்தக் காலத்தில் அப்படியான சிகிச்சைக்குப் பிறகு மைதானத்துக்குத் திரும்பியவர்கள் குறைவு. அவர் திரும்பினார். ஆனால் அதன்பின் வலது முழங்காலில் பட்டி சுற்றாமல் விளையாடியதில்லை. எதிராளியுடன் உடம்பு முட்டும் எந்தச் சந்தர்ப்பத்தையும் தவிர்த்தார். 1924இல் அவர் சேர்ந்த கழகம்தான் பிறகு ஒஸ்ரியா வியன்னா என்று பெயர் மாறியது.

ஆளோ மெலிந்தவர். வெளிறிய முகம், ஒட்டிய தேகம். தடித்த பின்கள வீரர்களுக்கு நடுவே காற்றில் அடிபட்ட தாள்போல நழுவிப் போவதைப் பார்த்து வியன்னாக்காரர் அவருக்குக் கடதாசி மனிதன் என்று பட்டம் வைத்தார்கள். பலவீனத்தைச் சொல்லி வைத்த பெயர், பிறகு பெருமையாகிவிட்டது.

அவர் செய்ததைச் சொல்வது இலகு, செய்வது கடினம். எதிராளி ஏழெட்டு அடி தள்ளி நிற்கும்போதே பந்தைக் கொடுத்தால், பந்து போகும் திசைக்குத் திரும்பி ஓட அவனுக்கு நேரம் இருக்கிறது. ஓரடி வரும்வரை வைத்திருந்தால் அவனுடைய கால் பந்தை மறித்துவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு கணம் உண்டு. பந்தைப் பறிக்க அவன் ஒரு காலில் பாரத்தை இறக்கிவிட்ட கணம் அது. அதன்பிறகு அவனால் திசை மாற்ற முடியாது. பந்து அந்தக் காலை ஒட்டியே போனாலும் தொட முடியாது. அந்தத் தூரமும் எப்போதும் ஒன்றல்ல. வேகமாக ஓடி வருபவனுக்கு முன்னதாகவே கொடுத்துவிட வேண்டும். தயங்கி நிற்பவனை இன்னும் கிட்ட வரவிடலாம். பந்தை வாங்கப்போகும் நண்பனுக்குப் பக்கத்தில் நிற்பவனையும் அதே பார்வையில் அளந்து, அவனுக்கு எட்டாத காலுக்குப் பந்தை அனுப்ப வேண்டும். முழங்கால் உடைந்த மனிதருக்கு இது அழகுக்கான வித்தை அல்ல. கணக்குப் பிழைத்தால் மோதல். மோதினால் விளையாட்டு வாழ்க்கையே முடிந்துவிடும்.

நடு முன்கள வீரர் என்றால் எதிரணியின் கோல் வாசலில் நிற்பவர் என்பதுதான் அக்கால வழக்கம். சிண்டெலார் அங்கே நிற்கவில்லை. பின்னால் இறங்கி மைதானத்தின் நடுவுக்கு வந்துவிடுவார். அவரைக் காக்க வேண்டியவனுக்கு அப்போது பெரிய சங்கடம். கூடவே போனால் பின்னால் வாசல் திறந்துவிடும். அங்கே அன்ரன் ஷால் போன்றவர்கள் புகுந்துவிடுவார்கள். போகாமல் நின்றால், நிதானமாகத் திரும்பிப் பந்து பரிமாற சிண்டெலாருக்கு இடம் கிடைத்துவிடும்.

தேசிய அணிக்கு 1926இல் வந்தார். ஆனால் பயிற்றுநர் ஹூகோ மைஸலுக்கு அவர்மேல் முழு நம்பிக்கை வரச் சில ஆண்டுகள் எடுத்தன. நெடுங்காலம் அணிக்கு வெளியிலும் வைத்திருந்தார். வியன்னாவின் கோப்பிக் கடைகளில் இந்த வழக்கு இரவிரவாக நடந்தது என்பார்கள். 1931 மே 16இல் ஸ்கொட்லாந்துக்கு எதிராக அவரைத் திரும்ப இறக்கினார் மைஸல். 5–0. எட்டு நாள் கழித்து பேர்லினில் ஜேர்மனிக்கு எதிராக 6–0. 1932 ஏப்ரலில் ஹங்கேரிக்கு எதிராக 8–2. சிண்டெலாருக்கு மட்டும் மூன்று கோல். அற்புத அணி என்று ஐரோப்பா முழுதும் பேச்சு. அந்த டிசம்பரில் லண்டன் ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜ் மைதானத்தில் இங்கிலாந்திடம் 4–3 என்று தோற்றார்கள். சிண்டெலார் ஒரு கோல் அடித்தார். வென்ற இங்கிலாந்துக்காரரே தோற்றவர்களின் பந்துப் பரிமாற்றத்தைத்தான் புகழ்ந்தார்கள்.

1934 உலகக் கிண்ண அரையிறுதி மிலான் நகரில் நடந்தது. இத்தாலி அணியில் லூயிஸ் மொன்ரி இருந்தார். ஆர்ஜென்ரீனாவில் பிறந்தவர், முரட்டு ஆட்டத்துக்குப் பேர்போனவர். அவர் சிண்டெலாருக்கு இடைவெளியே விடவில்லை. எங்கே இறங்கினாலும் மேலே விழுந்தார். மழையில் மைதானம் சேறாகிக் கிடந்தது. உருள வேண்டிய பந்து பாதியில் நின்றது. தூரத்தை அளந்து வாழ்ந்த மனிதருக்கு அன்று எந்த அளவும் பொருந்தவில்லை. இத்தாலி 1–0 என்று வென்றது. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் அவர் விளையாடவில்லை.

1938 மார்ச் 12ஆம் திகதி ஹிட்லரின் படை ஒஸ்ரியாவுக்குள் நுழைந்தது. நாடு போனது, அதனுடன் அணியும் போனது. ஏப்ரல் 3ஆம் திகதி வியன்னாவில் இரு அணிகளுக்கும் ஓர் இணைப்பு ஆட்டம் வைத்தார்கள். இணைப்பை ஆதரித்து வாக்களிக்கும்படி மக்களைத் தூண்டும் பிரசாரக் கொண்டாட்டம்தான் அது. முதற்பாதியில் சிண்டெலார் இலகுவான வாய்ப்புகளை வேண்டுமென்றே வீணாக்கினார் என்று வியன்னாவில் இன்றும் சொல்வார்கள். பிற்பாதியில் அவர் ஒரு கோலும் கார்ல் செஸ்ரா இன்னொரு கோலும் அடிக்க, 2–0 என்று பழைய ஒஸ்ரியா வென்றது. தலைவர்கள் அமர்ந்திருந்த மேடைக்கு முன்னால் இருவரும் துள்ளி ஆடினார்கள் என்பதும் அந்தக் கதையின் பகுதி.

ஜேர்மன் பயிற்றுநர் செப் ஹேர்பேர்கர் தன் அணிக்கு அவரை அழைத்தார். வயது 35, முழங்கால் சரியில்லை என்று சிண்டெலார் மறுத்தார். யூதர் என்பதால் கழகத் தலைவர் பதவியிலிருந்து மிஷல் ஷ்வார்ஸ் நீக்கப்பட்டபோது, அவரைக் கண்டாலும் பேசக்கூடாது என்று வீரர்களுக்குக் கட்டளை வந்தது. நான் தொடர்ந்து வணக்கம் சொல்வேன் என்று சிண்டெலார் அவரிடமே சொன்னார்.

இத்தோடு நிறுத்தினால் வீரக்கதை. ஆனால் அதே 1938 கோடையில் அவர் ஃபவோரிட்டனில் ஒரு கோப்பிக் கடை வாங்கினார். கடைக்காரர் யூதர், சட்டப்படி அவர் கடையை விற்றே ஆகவேண்டும். சிண்டெலார் தெரிந்த மனிதருக்கு நல்ல விலை கொடுத்தார் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். பறிக்கப்பட்ட சொத்தை வாங்கியவர்தானே என்று மற்றவர்கள் கேட்கிறார்கள். அந்தக் கடைக்காரர் பின்னர் தெரேசியன்ஸ்டாட் முகாமில் இறந்தார். தன் கடையை, காணியை அடிமாட்டு விலைக்கு விட்டுவிட்டுக் கிளம்பிய எங்கள் ஆட்களிடம் கேட்டால், நல்ல விலை என்ற சொல்லை அவ்வளவு சுலபமாக ஏற்கமாட்டார்கள். நானும் ஏற்கவில்லை. அதிகாரத்திடமிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்ற கணக்கில், மைதானத்தில் இருந்த துல்லியம் அவருக்கு இல்லாமல் போயிருக்கலாம்.

1939 ஜனவரி 23ஆம் திகதி காலை, அன்னகாஸ்ஸ வீதியில் ஒரு வீட்டில் அவர் இறந்து கிடந்தார். அருகே நினைவிழந்து கிடந்த தோழி கமில்லாவும் பிழைக்கவில்லை. புகைபோக்கி பழுதாகி அறைக்குள் நச்சுவாயு நிறைந்தது என்றது பொலிஸ். தற்கொலை என்றார்கள் சிலர், கொலை என்றார்கள் சிலர். மயானம்வரை ஆயிரக்கணக்கானோர் கூடவே நடந்தார்கள். பிரான்ஸுக்குத் தப்பிப் போன ஷ்வார்ஸ் போருக்குப் பிறகு வியன்னா திரும்பி, மறுபடியும் கழகத் தலைவரானார். வணக்கம் சொல்ல சிண்டெலார் அப்போது இல்லை.