ஹெர்பர்ட் சாப்மன்: ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகன்

நம் ஹாஸ்டல் மெஸ்ஸில் சனிக்கிழமை ராத்திரி சாப்பாடு எப்போதும் லேட்டாகத்தான் முடியும். காரணம் சாப்பாடு இல்லை நண்பர்களே, ஃபுட்பால். இங்கிலாந்து லீக்கில் எந்த மேனேஜரின் சீட்டு கிழியப் போகிறது, யாருக்கு இன்னும் மூன்று மேட்ச் தவணை உண்டு, கிழிந்தவர் அடுத்து எந்த கிளப்பில் ஒதுங்குவார் என்று கையில் சாதம் காய்கிற வரைக்கும் பேச்சு நடக்கும். மெக்கானிக்கல் ஒரு கட்சி, சிவில் ஒரு கட்சி. நாலு மேட்ச் தோற்றால் ஆளை மாத்து என்பது என் கட்சி. மாற்றப்படுகிற ஆளுக்கும் ஒரு வீடு உண்டு என்று அப்போதெல்லாம் நான் நினைத்ததே கிடையாது.

இந்த வருடம் மண்டலப் போட்டியில் நம் டீம் முதல் சுற்றிலேயே வெளியே வந்தது எல்லோருக்கும் தெரியும். அன்று ராத்திரியே ஹாஸ்டலில் ஒரு வெள்ளைத்தாள் சுற்றி வந்தது. சாயங்காலம் வந்து பயிற்சி கொடுக்கும் கோச்சை மாற்ற வேண்டும் என்ற மனு. அவர் நிரந்தர வேலைக்காரர் அல்ல, தொகுப்பூதியம். நாலாவது கையெழுத்து என்னுடையது.

அதற்கு அடுத்த வாரம்தான், நூலகத்தில் ஒரு பழைய இங்கிலீஷ் கால்பந்துப் புத்தகத்தை டிக்ஷனரியும் கையுமாகப் படிக்கும்போது, ஹெர்பர்ட் சாப்மன் என்ற மனிதரைத் தெரிந்துகொண்டேன். பிறகு கிடைத்த இடத்திலெல்லாம் அவரைப் பற்றித் தேடிப் படித்தேன். அவர் கதையை நம் மலரில் எழுத வேண்டும் என்று தோன்றியது. அதற்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. அவர் அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். என் அப்பா கல்குவாரியில்.

சாப்மன் 1878 ஜனவரி 19 அன்று இங்கிலாந்தின் யார்க்ஷயரில் கிவட்டன் பார்க் என்ற சுரங்க ஊரில் பிறந்தார். நிறையப் பிள்ளைகள் உள்ள வீடு. அந்த ஊரில் பையன் வளர்ந்தால் சுரங்கத்துக்குள் இறங்க வேண்டும், அதுதான் வழக்கம். இவர் படிப்பில் கெட்டி. ஷெஃபீல்டில் இருந்த டெக்னிக்கல் கல்லூரியில் இடம் கிடைத்து, சுரங்கப் பொறியியல் படித்தார். நம் பாலிடெக்னிக் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். அப்பா கரி வெட்டின அதே சுரங்கத்தை, பிள்ளை பேப்பரில் வரைந்து கணக்குப் போடுகிறான். அந்த அப்பாவுக்கு எப்படி இருந்திருக்கும்? நான் முதல் செமஸ்டரில் என் டிராயிங் ஷீட்டை வீட்டுக்குக் கொண்டுபோனபோது எங்கப்பா கையைத் துடைத்துவிட்டுத்தான் அதைத் தொட்டார்.

சாப்மனுக்கு ஃபுட்பாலும் பைத்தியம். தம்பி ஹாரி ஷெஃபீல்ட் வெட்னஸ்டே அணியில் பெரிய ஆட்டக்காரர். இவர் அவ்வளவு இல்லை. ஸ்டேலிபிரிட்ஜ், ராச்டேல், கிரிம்ஸ்பி, ஸ்விண்டன், நார்தாம்டன், டாட்டன்ஹாம் என்று ஏறக்குறைய பத்து கிளப்புக்கு ஆடினார். ஒரு இடத்திலும் நிலைத்து நிற்கவில்லை. காலில் மஞ்சள் நிறத் தோல் பூட்ஸ் போட்டுக்கொண்டு வருவாராம், ஆட்டத்தை விட அந்த பூட்ஸ்தான் பிரபலம். போகிற ஊரில் எல்லாம் இன்ஜினியர் வேலை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வார். விளையாட்டை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது என்பது சுரங்கத் தொழிலாளி மகனுக்குச் சொல்லித் தர வேண்டுமா என்ன?

1907ல் ஆட்டத்தை விட்டுவிட்டு இன்ஜினியர் வேலைக்கே போய்விடலாம் என்றிருந்தார். நார்தாம்டன் கிளப்புக்கு மேனேஜர் தேவைப்பட்டபோது டாட்டன்ஹாமில் கூட ஆடிய ஒரு நண்பருக்குத்தான் சிபாரிசு செய்தார். நண்பர் கடைசி நேரத்தில் மனம் மாறிவிட்டார். அப்புறம்தான் அந்த வேலை இவருக்கு வந்தது. உலகமே பேசப்போகிற ஒரு மேனேஜர், இன்னொருவருக்குக் கேட்ட வேலையில்தான் உட்கார்ந்தார். அங்கே இரண்டே வருடத்தில், 1908-09ல், சதர்ன் லீக் சாம்பியன்.

1912ல் லீட்ஸ் சிட்டிக்குப் போனார். அந்த அணி இரண்டாம் டிவிஷனில் அடிமட்டத்தில் கிடந்து, லீக்கில் தொடர்ந்து இருக்கவே மற்ற கிளப்புகளின் ஓட்டுக் கேட்டு நின்ற காலம். அதை ஆறாவது இடத்துக்கும், மறு வருடம் நாலாவது இடத்துக்கும் கொண்டுவந்தார். அதற்குள் முதல் உலக யுத்தம் வந்துவிட்டது. சாப்மன் குண்டு தயாரிக்கும் தொழிற்சாலைக்கு நிர்வாகியாகப் போனார். கிளப்பை மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

கஷ்டம் அங்கேதான் முளைத்தது. யுத்த காலத்தில் வெளி ஆட்டக்காரர்களுக்கு விதியை மீறிப் பணம் கொடுத்ததாக லீட்ஸ் சிட்டி மேல் புகார். கணக்குப் புத்தகத்தைக் காட்டு என்றது விசாரணைக் குழு. காட்ட மாட்டோம் என்றது கிளப். 1919 அக்டோபரில், சீசனில் எட்டு ஆட்டம் முடிந்திருந்த நிலையில், லீக்கிலிருந்தே வெளியேற்றிவிட்டார்கள். லீட்ஸில் ஒரு ஹோட்டலில் வைத்து ஆட்டக்காரர்களை ஏலம் விட்டார்கள். சந்தையில் மாடு ஏலம் போவது எனக்குத் தெரியும், மனிதர்களை ஏலம் போட்டதைப் படிக்கும்போது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். நிர்வாகிகள் ஐந்து பேருக்கு ஃபுட்பாலில் ஆயுள் தடை. அதில் ஒருவர் சாப்மன். அவர் அதற்கு முந்தைய வருடமே ராஜினாமா செய்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டவர்.

அப்போது அவருக்கு 41 வயது. வீட்டில் மனைவியும் நான்கு பிள்ளைகளும். பிழைத்தது எதனால் என்றால், படித்த படிப்பால். செல்பி என்ற ஊரில் ஒரு எண்ணெய் ஆலையில் மேற்பார்வையாளராக இருந்தார். அதுவும் நிலைக்கவில்லை. 1920 முடிவில் ஆலை கைமாறியது, ஆளைக் குறைத்தார்கள், இவரும் வெளியே. ஃபுட்பாலில் தடை, ஆலையில் வேலை போச்சு, கிறிஸ்துமஸ் சமயம். என் சித்தப்பா ஒரு கம்பெனியில் ஏழு வருடம் கான்ட்ராக்டில் இருந்து, ஒரு நாள் காலை ஷிப்டுக்குப் போய் கேட்டிலேயே திரும்பி வந்தார். அன்று அவர் டிபன் கேரியரைத் திறக்காமலே வீட்டில் வைத்தது எனக்கு நினைவு இருக்கிறது. அதனால் சாப்மனின் வாழ்க்கையில் மற்றவர்கள் ஒரு வரியில் தாண்டிப் போகும் இந்த இடத்தை நான் தாண்ட முடியவில்லை.

ஹட்டர்ஸ்ஃபீல்ட் டவுன் என்ற கிளப் அவரைத் தேடி வந்தது. தடையை எதிர்த்து மேல்முறையீடு செய்தார்கள். புகார் சொல்லப்படும் காலத்தில் சாப்மன் கிளப்பில் இல்லை, குண்டுத் தொழிற்சாலையில் இருந்தார் என்பது வாதம். 1921ல் தடை நீங்கியது. முதலில் உதவியாளர், ஒரு மாதத்துக்குள் மேனேஜர். ஹட்டர்ஸ்ஃபீல்டும் சும்மா கிளப் இல்லை, பணமில்லாமல் லீட்ஸுக்கே இடம் மாறிப் போயிருக்க வேண்டியது, ஊர்ஜனம் வசூல் போட்டுக் காப்பாற்றியது. தப்பிப் பிழைத்த கிளப்புக்குத் தப்பிப் பிழைத்த மேனேஜர்.

1922ல் எஃப்.ஏ. கோப்பை. 1923-24ல் லீக் சாம்பியன், அதுவும் கார்டிஃபோடு சரிசமமாக 57 புள்ளி எடுத்து, கோல் விகிதத்தில் மயிரிழையில் ஜெயித்தது. 1924-25ல் மறுபடி சாம்பியன். அந்த சீசன் முழுக்க ஒரு ஆட்டத்தில் கூட இரண்டு கோலுக்கு மேல் வாங்கவில்லை.

இந்த நேரத்தில் லண்டனில் ஆர்சனல் கிளப் தன் மேனேஜரை அனுப்பிவிட்டுப் பத்திரிகையில் ஆள் தேவை விளம்பரம் கொடுத்தது. பெரிய விலை கொடுத்து ஆட்டக்காரர்களை வாங்கித்தான் டீம் கட்டத் தெரியும் என்பவர்கள் மனுப்போட வேண்டாம் என்ற பொருளில் அந்த விளம்பரம். தலைவர் ஹென்றி நோரிஸ் அவ்வளவு கறார். ஆனால் சாப்மனுக்கு வருடம் 2,000 பவுன் சம்பளம் கொடுத்தார்கள், அந்தக் காலத்தில் மேனேஜர் உலகத்தில் கேள்விப்படாத தொகை. வந்த சாப்மன் பெரிய விலை கொடுத்துத்தான் ஆள் வாங்கினார் என்பது வேறு விஷயம்! 1928ல் டேவிட் ஜாக்கை வாங்கியபோது விலை பத்தாயிரம் பவுனைத் தாண்டியது, உலகத்திலேயே முதல் தடவை. அதற்குள் நோரிஸே கணக்கு விவகாரத்தில் ஃபுட்பாலை விட்டு விலக்கப்பட்டிருந்தார். மேனேஜரை அனுப்புகிற தலைவருக்கும் வேலை நிச்சயமில்லை.

நம் மெஸ் விவாதத்துக்கு வேண்டிய முக்கியமான கணக்கு இனிமேல்தான். சாப்மன் வந்த 1925ல் ஆஃப்சைடு விதியை மாற்றினார்கள். முன்பு ஃபார்வர்டுக்கும் கோல் கோட்டுக்கும் நடுவே எதிரணியினர் மூன்று பேர் இருக்க வேண்டும், இனி இரண்டு பேர் போதும். முதல் டிவிஷனில் ஒரு சீசனுக்கு 1,192 ஆக இருந்த கோல்கள் மறு சீசனில் 1,703 ஆகிவிட்டன. ஆர்சனல் அக்டோபரில் நியூகாசிலிடம் 7-0 என்று உதை வாங்கியது. அன்று ராத்திரி நம் மெஸ் அங்கே இருந்திருந்தால் சாப்மன் சீட்டு கிழிந்திருக்கும், நாலாவது கையெழுத்து என்னுடையதாக இருந்திருக்கும்.

சாப்மன் செய்தது என்ன? கேப்டன் சார்லி புக்கன் ஒரு யோசனை சொன்னார், நடுவில் ஆடும் சென்டர் ஹாஃபைப் பின்னால் இழுத்து, இரண்டு ஃபுல்பேக்குகளுக்கு நடுவே காவல் நிறுத்தலாம் என்று. அவர் கேட்டார். ஒரு பாகத்தை இடம் மாற்றினால் மொத்த மெஷினும் செட்டிங் மாறும் என்பது நம் வொர்க்ஷாப்பில் எல்லோருக்கும் தெரியும். பின்னால் போனவர் விட்ட காலி இடத்தை நிரப்ப முன்னால் இருந்து ஒருவர் இறங்க வேண்டும். இப்படித் தேய்த்துத் தேய்த்து வந்ததுதான் பிற்காலத்தில் டபிள்யூ-எம் என்று உலகம் முழுக்க ஆடிய ஆட்டமுறை. அடுத்த ஆட்டத்திலேயே வெஸ்ட் ஹாமை 4-0 என்று அடித்தார்கள். அந்த சீசன் இரண்டாம் இடம்.

அப்புறம்? பதினொன்றாம் இடம். பத்தாம் இடம். ஒன்பதாம் இடம். 1927 கோப்பை இறுதியாட்டத்தில் கோல்கீப்பர் கையிலிருந்து பந்து நழுவி உள்ளே போய், கார்டிஃபிடம் 1-0 தோல்வி. 1929-30ல் லீக்கில் பதினாலாம் இடம்! வரும்போதே ஐந்து வருடம் ஆகும் என்று சாப்மன் சொன்னதாகச் சொல்வார்கள். ஐந்து வருடம் கொடுத்தார்கள். அந்தப் பதினாலாம் இடத்து சீசனில்தான், 1930 ஏப்ரல் 26 அன்று, வெம்ப்ளி மைதானத்துக்கு மேலே கிராஃப் செப்பலின் ஆகாயக் கப்பல் பறந்துபோக, தன் பழைய ஹட்டர்ஸ்ஃபீல்டையே 2-0 என்று தோற்கடித்து முதல் கோப்பையை எடுத்தார். மறு வருடம் 127 கோல், 66 புள்ளி, லீக் சாம்பியன். 1932-33ல் மறுபடி. இன்றைக்கு எந்தக் கிளப் பதினாலாம் இடம் வரை பொறுக்கும்? சிவில் கட்சி நண்பர்கள் பதில் சொல்லட்டும்.

மைதானத்துக்கு வெளியேயும் அவர் மூளை ஓயவில்லை. சட்டை முதுகில் நம்பர் போட்டு 1928லேயே ஆட வைத்தார். அது சட்டமாக 1939 வரை ஆனது. 1932ல் ஹைபரி மைதானத்தில் விளக்குகள் அமைத்தார், அதிகாரிகள் மேட்சுக்கு அனுமதி தரவில்லை. கில்லெஸ்பி ரோடு என்றிருந்த பாதாள ரயில் நிலையத்துக்கு அதே வருடம் ஆர்சனல் என்றே பெயர் மாற்ற வைத்தார். சிவப்புச் சட்டைக்கு வெள்ளைக் கை வைத்தது 1933ல்.

அவரைத் தெய்வமாக்கவும் எனக்கு இஷ்டமில்லை. ஒரு ஆட்டத்தில் தன்னைக் கேட்காமல் பயிற்சியாளர் ஜார்ஜ் ஹார்டி ஆட்டக்காரர்களுக்குச் சத்தம் போட்டு யோசனை சொன்னார் என்று, அவரை அந்த இடத்திலிருந்து எடுத்துவிட்டார். 1933 ஜனவரியில் வால்சால் என்ற சின்ன அணியிடம் கோப்பையில் 2-0 தோற்றபோது, பெனால்டி கொடுத்த டாமி பிளாக்கை ஒரு வாரத்துக்குள் வேறு கிளப்புக்கு அனுப்பினார். ஆயுள் தடையும் ஆள் குறைப்பும் பட்டவர் இதைச் செய்யலாமா? எவ்வளவு யோசித்தும் எனக்கு இது ஜீரணமாகவில்லை. ஹார்டியின் இடத்துக்கு வந்த டாம் விட்டேகர் பின்னாளில் ஆர்சனல் மேனேஜரே ஆனார் என்பது உண்மைதான், ஆனாலும் ஹார்டிக்கு அது ஆறுதலா?

1934 புத்தாண்டு சமயம் சாப்மன் வடக்கே ஆட்டம் பார்க்கப் போனார், அடுத்து மோதப்போகும் ஷெஃபீல்ட் வெட்னஸ்டேயை நேரில் கவனிக்க. ஜலதோஷத்தோடு திரும்பினார். படுத்திருக்கலாம். ஆர்சனலின் மூன்றாம் அணி கில்ட்ஃபோர்டில் ஆடுகிறது என்று அதையும் பார்க்கப் போனார். பெயர் தெரியாத பையன்கள் ஆடும் அணி. நிமோனியா ஆகிவிட்டது. ஜனவரி 6 விடியற்காலையில் இறந்தார். வயது 55. அன்று மத்தியானமே ஹைபரியில் வெட்னஸ்டேயோடு மேட்ச் இருந்தது. மைதானத்துக்கு வந்துகொண்டிருந்த ஜனங்கள் வழியில் பேப்பர்காரர்களின் போஸ்டரைப் பார்த்துத்தான் விஷயம் தெரிந்துகொண்டார்கள். ஆட்டம் 1-1. அந்த சீசனும் அதற்கடுத்த சீசனும் ஆர்சனலே சாம்பியன். ஹட்டர்ஸ்ஃபீல்டிலும் அவர் போன பிறகு மூன்றாவது பட்டம் வந்திருந்தது.

இதைப் படித்து முடித்த அன்று சாயங்காலம் பி.டி. சார் அறைக்குப் போய், மனுவிலிருந்து என் கையெழுத்தை அடித்துவிட முடியுமா என்று கேட்டேன். தாள் ஆபீசுக்குப் போய்விட்டது என்றார். வெளியே வந்தால் கிரவுண்டில் கோச் தனியாக நின்று வலையை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு மனு விஷயம் தெரியுமா தெரியாதா என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த முனையை நான் அவிழ்த்தேன். இருட்டும் வரை இரண்டு பேரும் வலையை மடித்தோம்.