வரிசையைக் கணக்குப் போட்ட எர்லாங்

மல்டித்ரெட் ப்ரோக்ராம் ஒன்னு ஓட விடறீங்க. ஒரு மணி நேரம் நல்லாதான் ஓடுது. அப்புறம் மெமரி ஏறுது, ஏறிக்கிட்டே இருக்கு, கடைசியில ஆபரேட்டிங் சிஸ்டமே அதைக் கொன்னுடுது. கொஞ்ச நேரம் மட்டும் ஓட்டி, வால்கிரைண்ட் போட்டுப் பார்த்தா ஒரு பைட்கூட லீக் இல்லை. இந்த இடத்துல உங்களுக்கு உதவக்கூடியவர் 1929-லயே இறந்துட்டார்.

அக்னர் க்ராரப் எர்லாங், டென்மார்க்கின் லோன்போர்க் கிராமத்தில் 1878 ஜனவரி 1 அன்று ஒரு பள்ளி ஆசிரியருக்குப் பிறந்தார். கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்தார், சில வருஷம் வாத்தியார் வேலை பார்த்தார். 1908-ல் கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் சேர்ந்தார். ஏணி தூக்க ஓர் ஆளைக் கூட்டிக்கிட்டு, தெருவில் மேன்ஹோலுக்குள் இறங்கி கேபிளில் மின்கசிவு அளந்தவர். லீக் தேடறதுல நமக்கெல்லாம் சீனியர்!

கம்பெனிக்கு இருந்த பெரிய கேள்வி, எத்தனை லைன் போட்டால் போதும் என்பது. யார் எப்போ போன் பண்ணுவாங்கன்னு தெரியாதே. தற்செயலாக வரும் அழைப்புகள் பாய்ஸான் பரவலில் அடங்கும் என்று 1909-ல் காட்டினார். 1917-ல் இரண்டு சூத்திரங்கள் தந்தார். லைன் எல்லாம் பிஸி என்றால் அழைப்பைக் கைவிடும் எக்ஸ்சேஞ்சுக்கு ஒன்று, காத்திருக்க வைக்கும் எக்ஸ்சேஞ்சுக்கு இன்னொன்று.

இப்ப உங்க ப்ரோக்ராமுக்கு வாங்க. வேலையை அனுப்பும் த்ரெட்தான் போன் பண்றவர், வொர்க்கர் த்ரெட்தான் லைன். ஒரே வொர்க்கர், வேலை வருவதும் முடிவதும் தற்செயல்னு வச்சுக்கோங்க. வொர்க்கர் பாதி நேரம் பிஸியா இருந்தா, சராசரியா 1 வேலைதான் உள்ளே இருக்கும். 90 சதவீதம் பிஸின்னா 9. 99 சதவீதம்னா 99. வர்ற வேகம் முடிக்கிற வேகத்தைத் தொட்டுட்டா வரிசைக்கு எல்லையே இல்லை. நிக்கற ஒவ்வொரு வேலையும் ஹீப்பில் இடம் பிடிச்சிருக்கு, ஒவ்வொன்னுக்கும் பாயிண்டரும் இருக்கு. அதனாலதான் வால்கிரைண்ட் வாயைத் திறக்கலை. கியூவுக்கு வரம்பு வைங்க. நிரம்பிட்டா வர்றதைக் கைவிடணுமா, அனுப்பறவரை நிறுத்தி வைக்கணுமான்னு நீங்கதான் முடிவு பண்ணணும்.

எர்லாங் கல்யாணம் பண்ணிக்கலை. ஏறக்குறைய 20 வருஷம் அதே கம்பெனியில் இருந்து, வயிற்று அறுவைச் சிகிச்சைக்குப் பின் 51 வயதில் இறந்தார். 1946-ல் தொலைபேசிப் போக்குவரத்தின் அலகுக்கு அவர் பெயரை வைத்தார்கள். 1980-களில் எரிக்சன் பொறியாளர்கள் உருவாக்கிய புரோகிராமிங் மொழிக்கும் எர்லாங் என்றே பெயர். அதில் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் ஒரு மெயில்பாக்ஸ் உண்டு. நாமா எதுவும் செய்யாத வரை அதுக்கு வரம்பு கிடையாது. அங்கே மெமரி ஏறினா, எந்த மெயில்பாக்ஸ் நீண்டுக்கிட்டே போகுதுன்னு முதல்ல பாருங்க.