மண்டை ஓட்டுக்கு முகம் கொடுத்த மேதை!

ஒரு மண்டை ஓடு கிடைக்கிறது. அது யாருடையது? ஆணா, பெண்ணா? வயது என்ன?

செத்தவர் யார் என்று தெரியாவிட்டால், கொன்றவர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? போலீசார் யாரிடம் போய் விசாரிப்பார்கள்? வழக்கு அப்படியே நின்றுவிடும். கொலைகாரன் ஊருக்குள் நிம்மதியாக நடமாடுவான்.

இந்தச் சிக்கலுக்கு வழி கண்டவர் ஒரு ரஷியர். அவர் போலீஸ் அதிகாரி அல்ல. எலும்பு ஆராய்ச்சியாளர், சிற்பி. மண்டை ஓட்டை வைத்தே அதற்கு உரியவரின் முகத்தைச் செய்து காட்டினார். அவர் பெயர் மிகயில் கெராசிமோவ்.

டாக்டர் மகன்

கெராசிமோவ் 1907-ம் ஆண்டு பீட்டர்ஸ்பர்க் நகரில் பிறந்தார். தந்தை ஒரு டாக்டர். சைபீரியாவில் உள்ள இர்குட்ஸ்க் நகரில் வளர்ந்தார்.

மற்ற பையன்கள் பந்து விளையாடிய வயதில், இவர் புதைபொருள் தோண்டும் இடங்களைச் சுற்றிச் சுற்றி வந்தார். மருத்துவக் கல்லூரியின் உடற்கூறு அருங்காட்சியகத்துக்கும் போய் வந்தார். எலும்பைக் கண்டு அவர் பயப்படவில்லை. இந்த எலும்பின் மேல் எப்படிப்பட்ட முகம் இருந்திருக்கும் என்ற கேள்விதான் அவரைத் துளைத்தது.

1928-ல் சைபீரியாவில் மால்டா என்ற கிராமத்தில், கற்கால மனிதர்கள் வாழ்ந்த இடத்தைக் கண்டுபிடித்தார். யானைக்கு உறவினமான மாமத் தந்தத்தில் செதுக்கிய பெண் உருவங்கள் அங்கே கிடைத்தன. அப்போது அவர் இளைஞர்தான்!

எலும்பு சொல்லும் கதை

மண்டை ஓட்டை வைத்து முகம் செய்யும் முயற்சி அவருக்கு முன்பே நடந்தது உண்டு. 1895-ல் ஜெர்மனியில், இசை மேதை பாக் அவர்களின் மண்டை ஓட்டைக் கொண்டு ஒரு சிற்பி தலை செய்தார். ஆனால் அதை முறையான கலையாக வளர்த்தவர் கெராசிமோவ்.

நெற்றியில் சதை மெல்லியது. கன்னத்தில் தடிப்பு. எந்த இடத்தில் எத்தனை மில்லி மீட்டர் சதை இருக்கும் என்று, இறந்தவர்களின் உடல்களில் அளந்து அளந்து கணக்கு எடுத்தார். எலும்பில் தசை ஒட்டியிருந்த இடம் சொரசொரப்பாக இருக்கும். அதைப் பார்த்தே தசையின் பலத்தைச் சொல்லிவிடலாம். மூக்கு எலும்பின் சாய்வைக் கொண்டு மூக்கின் நீளத்தைக் கணிக்கலாம்.

முதலில் பாதி முகத்தை மட்டும் செய்வார். மறு பாதியில் எலும்பு தெரியும். முகம் எலும்பை ஒட்டி வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளத்தான் இந்த ஏற்பாடு.

இது வெறும் கற்பனை என்று சந்தேகப்பட்டவர்கள் இருந்தார்கள். அதனால் அவருக்குப் பரீட்சை வைத்தார்கள். யாருடையது என்று சொல்லாமல் மண்டை ஓட்டைக் கொடுப்பார்கள். முகத்தைச் செய்து முடித்த பிறகு, இறந்தவரின் படத்தோடு ஒப்பிடுவார்கள். அதிலும் அவர் தேறினார்.

காட்டில் எலும்புகள்

1939-ம் ஆண்டு. லெனின்கிராடு அருகே காட்டில் எலும்புகள் சிதறிக் கிடந்தன. காட்டு மிருகங்கள் கடித்த அடையாளம் இருந்தது. யாரோ மிருகத்துக்கு இரையாகிவிட்டார்கள் என்றே முதலில் நினைத்தார்கள்.

மண்டை ஓடு கெராசிமோவிடம் வந்தது. அதில் அடிபட்ட காயங்கள் இருப்பதை அவர் கண்டார். மிருகம் அல்ல, மனிதன் செய்த வேலை! பற்களையும் எலும்பையும் பார்த்து, 12 அல்லது 13 வயதுச் சிறுவன் என்றார். பிறகு முகத்தைச் செய்தார்.

காணாமல் போன சிறுவர்களின் பட்டியலை போலீசார் புரட்டினார்கள். ஒரு தந்தையை அழைத்தார்கள். மகன் இறந்த செய்தியை எடுத்த எடுப்பில் சொல்லவில்லை. பல சிறுவர்களின் படங்களோடு, கெராசிமோவ் செய்த முகத்தின் படங்களையும் கலந்து வைத்தார்கள்.

தந்தை தயங்கவில்லை. தன் மகனை எடுத்துக் காட்டிவிட்டார்.

தைமூர் கல்லறை

1398-ல் டெல்லியைச் சூறையாடிய தைமூரை இந்தியா மறக்காது. அவனுடைய கல்லறை சாமர்கண்ட் நகரில் இருக்கிறது. 1941 ஜூன் மாதம் அதைத் திறந்தார்கள். கெராசிமோவும் அந்தக் குழுவில் இருந்தார். எலும்புக்கூட்டின் வலது கால் ஊனமாக இருந்தது. நொண்டித் தைமூர் என்று சரித்திரம் சொன்னது உண்மை என்று தெரிந்தது. தைமூரின் முகத்தையும் அவர் செய்தார்.

கல்லறை திறந்த சில நாட்களுக்குள், ஜூன் 22-ந் தேதி, ஹிட்லரின் படை ரஷியாவுக்குள் புகுந்தது. தைமூரின் சாபம்தான் காரணம் என்று வதந்தி கிளம்பியது. ஆனால் அந்தப் படையெடுப்புக்கு ஹிட்லர் 1940 டிசம்பரிலேயே உத்தரவு போட்டுவிட்டான். சாபத்துக்கு அங்கே வேலை இல்லை.

1950-ல் மாஸ்கோவில் இந்தக் கலைக்கென்றே ஒரு ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டது. கெராசிமோவ் அதன் தலைவரானார். 1963-ல் கிரெம்ளினில் கொடுங்கோல் மன்னன் இவானின் கல்லறையைத் திறந்தபோது, அந்த முகத்தைச் செய்தவரும் அவரே.

நாவலும் படமும்

கெராசிமோவ் 1970-ல் மாஸ்கோவில் காலமானார். வயது 62.

அமெரிக்க எழுத்தாளர் மார்ட்டின் குரூஸ் ஸ்மித், 1981-ல் "கார்க்கி பார்க்" என்ற மர்ம நாவலை வெளியிட்டார். மாஸ்கோ பூங்காவில் பனிக்கு அடியில் 3 பிணங்கள். முகத்தைச் சிதைத்து, விரல் நுனிகளையும் வெட்டிவிட்டான் கொலைகாரன். ஒரு பேராசிரியர் மண்டை ஓட்டிலிருந்து முகத்தை மீட்கிறார். கெராசிமோவ் காட்டிய அதே வழி! 1983-ல் கதை சினிமாவாகவும் வந்தது.

இந்தக் கலைக்கும் எல்லை உண்டு. காதின் வடிவத்தையும், உடம்பு பருமனா ஒல்லியா என்பதையும் எலும்பு சரியாகச் சொல்லாது. அதனால் செய்த முகம் மட்டுமே சாட்சி ஆகாது. முகத்தைப் பார்த்து உறவினர் வருவார்கள். அதன் பிறகு பல், பழைய படம், இந்நாளில் டி.என்.ஏ. சோதனை என்று உறுதி செய்ய வேண்டும். இன்று கம்ப்யூட்டரிலும் முகம் செய்கிறார்கள்.

தைமூருக்கும் இவானுக்கும் கல்லறையில் பெயர் இருந்தது. காட்டில் கிடந்த சிறுவனுக்கு எதுவும் இல்லை. அவனுக்குப் பெயரைத் திருப்பிக் கொடுத்ததுதான் கெராசிமோவ் செய்த பெரிய காரியம்.