தாது வரும் வழி பார்த்தவர்: ஜாம்ஷெட்ஜி டாடா

(இரண்டாம் ஆண்டு, மெக்கானிக்கல் மாணவன்)



பேரவை மலருக்கு ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையை எழுதிக் கொடு என்று கேட்டார்கள். கலாம் ஐயாவையும் விஸ்வேஸ்வரய்யாவையும் மற்றவர்கள் எழுதிவிடுவார்கள். நான் எடுத்துக்கொண்டது ஜாம்ஷெட்ஜி டாடா. உப்பு பாக்கெட்டிலும் லாரி முகப்பிலும் தினமும் பார்க்கிற பெயர்தான். ஆனால் என்னை அவரிடம் கொண்டுபோய் விட்டது ஒரு கம்ப்யூட்டர் கேம் என்றால் சிரிப்பீர்கள்.

ஹாஸ்டலில் நண்பனின் லேப்டாப்பில் ஃபேக்டோரியோ என்று ஒரு கேம். ஆளில்லாத கிரகத்தில் இறங்கி, இரும்புத் தாதும் நிலக்கரியும் வெட்டி, ஃபர்னஸ் வைத்து, ஃபேக்டரி கட்டி, ரயில் விடவேண்டும். நான் முதலில் ஃபேக்டரியைக் கட்டிவிட்டேன். இடம் பிடித்திருந்தது, அவ்வளவுதான். பிறகுதான் தாது ஒரு மூலையில், நிலக்கரி இன்னொரு மூலையில், தண்ணீர் அதற்கும் அப்பால் என்று தெரிந்தது. ஒற்றைத் தண்டவாளம் போட்டு எல்லா ரயிலையும் அதிலேயே விட்டேன். ஒரு நாள் தாது இறக்க இடமில்லாமல் தாது ரயில் ஸ்டேஷனில் நின்றது. அதன் பின்னால் நிலக்கரி ரயில் நின்றது. நிலக்கரி வராததால் ஃபர்னஸ் அணைந்தது. ஃபர்னஸ் அணைந்ததால் தாது செலவாகவில்லை. தாது செலவாகாததால் ரயில் நகரவில்லை. மொத்த ஃபேக்டரியும் படுத்துவிட்டது.

லீவில் ஊருக்குப் போனபோது அப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் செஞ்சி கமிட்டியில் நெல் மூட்டை தூக்குகிறவர், பள்ளிக்கூடம் போனதில்லை. மூட்டை எந்தப் பக்கமிருந்து வருது, எந்தப் பக்கமாப் போகுது என்று பார்க்காம எவனாவது குடோன் கட்டுவானா என்று கேட்டார். அந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டுதான் லைப்ரரியில் டாடாவின் வாழ்க்கையைப் படித்தேன். அந்த மனிதர் வாழ்நாள் முழுக்க இந்த ஒரு கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தோன்றியது.

ஜாம்ஷெட்ஜி 1839 மார்ச் 3-ஆம் தேதி குஜராத்தின் நவ்சாரியில் ஒரு பார்சி குடும்பத்தில் பிறந்தார். பம்பாய் எல்ஃபின்ஸ்டன் கல்லூரியில் படித்தார். தந்தை நுஸர்வான்ஜி வியாபாரி. மகனை 1859-இல் ஹாங்காங்குக்கு அனுப்பினார். அந்தக் காலத்துச் சீன வியாபாரம் பஞ்சும் அபினும்தான். அவர்களும் அதைச் செய்தார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரால் ஏறிய பஞ்சு விலை 1865-இல் போர் முடிந்ததும் சரிந்தது, குடும்பமே நொடித்தது. 1868-இல் 21,000 ரூபாய் போட்டு மறுபடி ஆரம்பித்தார். அப்போது வயது 29.

அவர் யார் என்று காட்டியது நாக்பூர். அந்நாளில் பஞ்சாலை என்றால் எல்லோரும் பம்பாயில்தான் கட்டுவார்கள். இவர் நாக்பூருக்குப் போனார். பருத்தி விளையும் சீமை பக்கத்தில், வரோரா நிலக்கரி பக்கத்தில், பம்பாய் ரயில் 1867-லேயே அங்கே வந்தாயிற்று. சதுப்பு நிலத்தை வாங்கி மண் கொட்டி நிரப்பினார். மண்ணில் பணத்தைப் புதைக்கிறார் என்று பேசினார்கள். 1877 ஜனவரி 1-ஆம் தேதி எம்ப்ரஸ் மில் ஓடத் தொடங்கி, நல்ல லாபம் கொடுத்தது. சரக்கைத் தேடி ஆலை போகவேண்டும் என்பது அவருடைய முதல் பாடம்.

அடுத்தது இரும்பு. 1882-இல் ஒரு ஜெர்மன் நிபுணரின் அறிக்கை அவர் கண்ணில் பட்டது. சாந்தா ஜில்லாவில் லோஹாரா என்ற இடத்தில் நல்ல தாது இருக்கிறது, வரோரா நிலக்கரியும் கிட்டத்தில் என்றது அது. உடனே ஆலை கட்டவில்லை. நிலக்கரியை ஜெர்மனிக்கு அனுப்பி சோதித்துப் பார்த்தார். இரும்பு உருக்க அது ஆகாது என்று முடிவு வந்தது. சுரங்கச் சட்டமும் சாதகமாக இல்லை. அப்படியே வைத்துவிட்டார், ஆனால் மறக்கவில்லை. 1899-இல் சட்டம் தளர்ந்ததும் மறுபடி எடுத்தார். நடுவில் 17 வருஷம்!

ஏன் இவ்வளவு நிதானம் என்றால், கணக்கு அப்படி. ஒரு டன் இரும்புக்கு ஏறக்குறைய ஒன்றரை டன் தாது வேண்டும். கோக் அந்தக் காலத்தில் ஒரு டன்னுக்கு மேலேயே ஆகும். அந்தக் கோக் எடுக்க இன்னும் அதிகமாய் நிலக்கரி. கூடவே சுண்ணாம்புக்கல். ஒரு டன் வெளியே போக மூன்று நான்கு டன் உள்ளே வரவேண்டும், அதுவும் ரயிலில், தினமும், நிற்காமல். இடம் தப்பினால் கூலியே ஆலையைத் தின்றுவிடும். நம் தென்னாற்காட்டிலேயே இதற்குச் சாட்சி இருந்தது. 1830-களில் ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்தினார். தாது சேலம் பக்கத்திலிருந்து வரவேண்டும், எரிபொருள் மரக்கரி, ரயிலோ இல்லை. நஷ்டத்தில் தள்ளாடி மூடிப்போனது.

1902-இல் 63 வயதில் டாடா அமெரிக்கா போனார். பெரிய ஃபர்னஸ்களைப் பார்த்துவிட்டு, முதலில் கச்சாப்பொருளை ஆராய்ந்து சொல்ல ஆள் தேடினார். பெரின் என்ற இன்ஜினியர் ஒத்துக்கொண்டார். அவர் சார்பில் வெல்ட் என்ற நிலவியல் நிபுணர் வந்தார். வெல்டும் டாடாவின் மகன் தோராப்ஜியும் காட்டில் அலைந்தார்கள். லோஹாரா தேறவில்லை. துர்க் பக்கம் தல்லி ராஜாராவில் மலையே இரும்பாக இருந்தது. ஆனால் தகுந்த நிலக்கரியும் தண்ணீரும் அருகில் இல்லை. வேண்டாம் என்று விட்டார்கள். (1959-இல் உற்பத்தி தொடங்கிய பிலாய் ஆலைக்கு அதே மலைதான் பிறகு தாது கொடுத்தது.)

1904 பிப்ரவரியில் பி. என். போஸ் என்ற நமது நாட்டு நிலவியலாளர் டாடாவுக்குக் கடிதம் எழுதினார். மயூர்பஞ்ச் சமஸ்தானத்தில் குருமஹிசானி மலையில் நல்ல தாது இருக்கிறது, ஜரியா நிலக்கரிக்கும் வசதி என்று. வழி தெரிந்துவிட்டது. ஆனால் டாடா அதைப் பார்க்கவில்லை. 1904 மே 19-ஆம் தேதி ஜெர்மனியில் பாட் நௌஹைம் என்ற ஊரில் கண்ணை மூடினார்.

பிள்ளைகள் விடவில்லை. 1907-இல் கம்பெனி பதிவானது. லண்டனில் பணம் கிடைக்காததால் நம் மக்களிடமே கேட்டார்கள். மூன்றே வாரத்தில் சுமார் 8,000 பேர் பங்கு வாங்கினார்கள். இடம் சாக்சி. தெற்கே தாது, வடக்கே ஜரியா நிலக்கரி, சுவர்ணரேகாவும் கர்காயும் சேரும் இடத்தில் தண்ணீர், பக்கத்திலேயே காளிமட்டி ரயில்வே ஸ்டேஷன். எல்லா வழியும் ஓரிடத்தில் சேர்ந்தன. சந்தால், ஹோ ஆதிவாசி மக்கள் வாழ்ந்த சீமை அது. ஆலைக்காக அவர்கள் நிலம் போனது. இதைச் சேர்க்காவிட்டால் கணக்கு முழுசாகாது.

1911 டிசம்பரில் முதல் இரும்பு, 1912 பிப்ரவரியில் முதல் எஃகு. இந்தியன் தண்டவாளம் செய்தால் அதைத் தின்றே காட்டுகிறேன் என்று ஒரு ரயில்வே துரை கேலி செய்ததாகச் சொல்வார்கள். முதல் உலகப்போரில் அந்த ஆலை மெசபடோமியாவுக்குக் கொடுத்த தண்டவாளம் சுமார் 2,400 கிலோமீட்டர்! 1919-இல் சாக்சி ஜாம்ஷெட்பூர் ஆனது, காளிமட்டி ஸ்டேஷன் டாடாநகர் ஆனது.

அவர் ஆசைப்பட்டதில் பம்பாய் தாஜ் ஹோட்டலை மட்டும்தான் 1903-இல் கண்ணால் பார்த்தார். பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் 1909-இல் வந்தது; மின்சாரம் அதற்குப் பின்னால். எல்லாம் அவர் போன பிறகே.

நண்பர்களே, நான் கேமில் பழைய ஃபேக்டரியை இடித்துவிட்டேன். ஒரு வாரம் எதுவும் கட்டாமல் மேப்பைச் சுற்றினேன். நான்கு வழியும் கூடுகிற இடத்தில் கட்டி, போக ஒரு லைன் வர ஒரு லைன், காத்திருக்கத் தனி லைன் என்று போட்டேன். இப்போது ஓடுகிறது. அது கேம்; தப்பானால் இடித்துவிடலாம். நாளைக்கு நாம் வேலைக்குப் போகிற இடத்தில் இடிக்க முடியாது.

எங்கள் வீட்டில் டிப்ளமா படிப்பது நான்தான் முதல். செஞ்சிக்கு ரயிலும் இல்லை. திண்டிவனம் போய்த்தான் ஏறவேண்டும். அப்பா தூக்கின மூட்டை எந்த ஊர் உலையில் வேகிறது என்று அவருக்குத் தெரியாது. ஆனால் சரியான லாரியில் ஏற்றிவிட்டால் போய்ச் சேரும் என்று அவருக்குத் தெரியும். டாடா செய்ததும் அதுதான். நாமும் நம் வேலையைச் சரியான வழியில் ஏற்றிவிடுவோம். பலன் நம் கண்ணில் படாவிட்டாலும் பரவாயில்லை, போய்ச் சேரும்.