யாரா ஆற்றங்கரைப் பெரியவர்

ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கில், இன்று மெல்போர்ன் பெருநகரம் விளங்கும் யாரா ஆற்றுப் பகுதி, வுருஞ்செரி என்னும் தொல்குடியினரின் தாய்நிலம். அக்குடியின் தலைவர் மரபில் ஏறத்தாழ 1824ஆம் ஆண்டு பிறந்தவர் பராக். யூகலிப்டஸ் மரத்துக்குள் வாழும் வெண்புழுவைக் குறிக்கும் சொல் அது. வில்லியம் என்னும் முன்பெயர் வெள்ளையர் வருகைக்குப் பின் சேர்ந்தது.

1835ஆம் ஆண்டு சூன் திங்களில், டாஸ்மேனியத் தீவிலிருந்து வந்த ஜான் பேட்மன் என்னும் குடியேற்றக்காரர் தொல்குடிப் பெரியவர்களுடன் ஓர் உடன்படிக்கை செய்தார். போர்வை, கத்தி, கோடரி, மாவு முதலியவற்றுக்கு ஈடாக ஏறத்தாழ 6,00,000 ஏக்கர் நிலம் தமக்கு உரியதாயிற்று என்றது அவர் கொண்டுவந்த தாள். நிலத்தை விலைப்பொருளாக எண்ணும் வழக்கமே அம்மக்களிடம் இல்லை. வந்தவரை விருந்தினராக ஏற்கும் சடங்காகவே பெரியவர்கள் அதைக் கருதியிருத்தல் கூடும். அந்நிகழ்ச்சியைச் சிறுவர் பராக் நேரில் கண்டார். சில திங்களிலேயே ஆளுநர் பூர்க் அவ்வுடன்படிக்கை செல்லாது என்று அறிவித்தார். ஆனால் நிலம் முழுவதும் ஆங்கில அரசுக்கே உரியது என்பதுதான் அவர் காட்டிய காரணம். ஆட்டு மந்தைகளும் நோய்களும் ஆற்றுவெளியை நிரப்பின. தொல்குடியினர் தொகை விரைந்து குறைந்தது. பராக் சிறிது காலம் சமயப் பள்ளியில் பயின்றார். 1844இல் தொல்குடிக் காவற்படையில் சேர்ந்தார்.

1863இல் பராக்கும் அவருடைய உறவினரும் குடித்தலைவருமான சைமன் வோங்காவும் எஞ்சிய மக்களை அழைத்துக்கொண்டு மலைத்தொடரைக் கடந்து, யாரா பள்ளத்தாக்கில் குடியமர்ந்தனர். அவ்விடத்துக்குக் கொராண்டெர்க் என்று பெயரிட்டனர். அங்கு வெண்மலர் பூக்கும் ஒரு செடியின் பெயர் அது. பின்னர் 4,850 ஏக்கராக விரிந்த அந்நிலத்தில் வீடுகள் எழுந்தன. மதுவடிப்பில் பயன்படும் ஹாப்ஸ் கொடி செழித்தது. விளைச்சல் மெல்போர்ன் சந்தையில் நல்ல விலை பெற்றது. விளைந்த நிலம் அயலார் கண்ணில் படாமற்போகுமா? அம்மக்களை அப்புறப்படுத்தி நிலத்தை விற்றுவிடும் எண்ணம், அவர்களைக் காப்பதற்கென்றே அமைந்த அரசு வாரியத்திடம் தோன்றியது.

வோங்காவின் மறைவுக்குப் பின் பராக் குடித்தலைவரானார். அவர் ஆயுதம் எடுக்கவில்லை. தாம் சொல்லச் சொல்ல, எழுதக் கற்ற இளைஞர்களைக் கொண்டு விண்ணப்பங்கள் எழுதுவித்தார். ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நடந்து மெல்போர்ன் சென்று அமைச்சர்களைக் கண்டார். ஒருமுறையன்று, பன்முறை. 1881இல் அரசு விசாரணைக்குழு அமைத்தது. கொராண்டெர்க் மக்கள் தம் குறைகளைத் தாமே சான்றுரைத்தனர். 1884இல் அந்நிலம் நிலையான ஒதுக்கீடாக அறிவிக்கப்பட்டது. அவ்வெற்றிக்கு இடையே அவருடைய மகன் டேவிட் காசநோயால் மறைந்தான்.

வெற்றியும் நீடிக்கவில்லை. 1886இல் இயற்றப்பட்ட சட்டம், கலப்பு மரபில் பிறந்த, 34 வயதுக்குட்பட்டோர் அரசுக் குடியிருப்புகளில் வாழ உரிமையில்லை என்றது. உழைக்கும் கைகள் வெளியேற்றப்பட்டன. முதியோரும் நோயுற்றோரும் எஞ்சினர். 1893இல் நிலத்தின் பாதி பறிபோயிற்று.

அவ்வாண்டுகளில்தான் பராக் மிகுதியாக ஓவியம் தீட்டினார். பழைய சடங்கு ஆடல்களை நிருவாகிகள் விரும்பவில்லை. ஆட வேண்டிய இளையோரும் ஊரில் இல்லை. இளமையில் தாம் கண்ட ஆடல்களை முதியவர் தாளில் இறக்கினார். செங்காவி, கரி, நீர்வண்ணம் ஆகியவை அவர் கருவிகள். தீயைச் சூழ்ந்து வரிசையாக ஆடுவோர், கைதட்டித் தாளமிடுவோர், போசம் என்னும் மரவாழ் விலங்கின் தோலால் தைத்த போர்வை அணிந்தோர், யாழ்ப்பறவைகள் ஆகியவற்றை அவ்வோவியங்களில் காணலாம். போர்வைகளின் கோலங்களை அவர் வெறும் அழகுக்காக வரைந்தார் என்று கொள்ளுதல் பொருந்தாது. அத்தகைய கோலங்கள் அணிந்தவரின் குடியையும் நிலத்தையும் உணர்த்துவன. ஆல்பிரட் ஹோவிட் என்னும் மானிடவியலாளருக்கு உறவுமுறைகளையும் சடங்குகளையும் பொறுமையுடன் விளக்கிச் சொன்னவரும் அவரே. ஹோவிட்டின் பெருநூல் 1904இல் வெளிவந்தபோது அதைக் காண பராக் இல்லை. 1903 ஆகஸ்ட் 15ஆம் நாள் கொராண்டெர்க்கில் மறைந்து, அங்கேயே அடக்கமானார்.

அவருடைய ஓவியங்கள் பலவும் கடல் கடந்து ஐரோப்பிய அருங்காட்சியகங்களை அடைந்தன. அண்டையில் திராட்சைத் தோட்டம் வைத்திருந்த சுவிட்சர்லாந்துக் குடும்பத்தாரிடம் அவர் 1897இல் அளித்த ஓர் ஓவியம், போசம் தோல் போர்வை அணிந்த பெண்களைக் காட்டுவது. அது 2022இல் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தது. வுருஞ்செரி மக்கள் நிதி திரட்டினர்; விக்டோரிய மாநில அரசும் துணைநின்றது. பராக் செதுக்கிய கேடயம் ஒன்றுடன் அவ்வோவியம் அவருடைய வழித்தோன்றல்களிடம் வந்து சேர்ந்தது.