பாசிக்குப் பெயர் தந்த பேராசிரியர்

போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். கடல் நீர் வற்றும் நேரத்தில் பாறைகளின்மேல் பழுப்பு நிறத்தில் கொடி போல ஒன்று படர்ந்து கிடக்கும். அதிலுள்ள சிறுமணிகளை நசுக்கினால் டப்பென்று வெடிக்கும். அவை காற்றுப் பைகள். கடல் ஏறும்போது செடியை வெளிச்சத்தை நோக்கித் தூக்கி நிறுத்துபவை. சர்காசம் என்னும் பழுப்புப் பாசி இது. இதற்கும் பச்சையம் உண்டு. இன்னொரு நிறமி அதை மறைத்துவிடுகிறது.

எங்கள் தைப்பிங்கிற்குப் பக்கத்துக் கடலான கோலா செப்பெத்தாங்கில் இதைத் தேடிப் பயனில்லை. அங்கே சேறும் சதுப்புநில மரங்களும்தான். பாசிக்கு வேர் கிடையாது. அடியிலுள்ள பற்றுறுப்பால் பாறையைப் பிடித்துக்கொண்டு, வேண்டிய சத்தைக் கடல் நீரிலிருந்தே உடல் முழுவதும் உறிஞ்சிக்கொள்கிறது. பிடிக்கப் பாறை இல்லையென்றால் அலை கொண்டுபோய்விடும்.

குஜராத், கராச்சிக் கரைப் பாறைகளில் வளரும் இன்னொரு பழுப்புப் பாசியின் பெயர் ஐயங்காரியா. ஆம், நம் ஐயங்கார்தான்! 1939இல் டென்மார்க் அறிஞர் போர்கெசன் அந்தப் பெயரைச் சூட்டினார்.

அந்த ஐயங்கார், மண்டயம் ஓசூரி பார்த்தசாரதி ஐயங்கார். 1886 டிசம்பர் 15ஆம் நாள் சென்னையில் பிறந்தவர். மாநிலக் கல்லூரியில் படித்து, அருங்காட்சியகத்தில் வேலை பார்த்து, சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் பாடம் நடத்தி, மறுபடி மாநிலக் கல்லூரிக்கே பேராசிரியராக வந்தார். பாசிகளைப் பற்றி அக்காலத்தில் இந்தியாவில் பெரிதாக யாரும் கவலைப்படவில்லை. (பள்ளியில் எனக்கும் பாசி என்றால் கால்வாயில் வழுக்கும் பச்சைதான்.) அவரோ குளம், வயல், கடல் என்று தேடினார். பாம்பனுக்கு அருகிலுள்ள குருசடைத் தீவின் கடற்பாசிகளைப் பற்றி 1927இல் எழுதினார்.

எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது அதற்குப் பிறகு நடந்ததுதான். 1930இல், 40 வயதைத் தாண்டிய பேராசிரியர், கப்பலேறி லண்டன் குயின் மேரி கல்லூரிக்குப் போய் மாணவராகச் சேர்ந்தார். பாசியியலில் உலகப் பெயர் பெற்ற ஃபிரிட்ச் அங்கே ஆசிரியர். இருபது வயதிலேயே புதிதாக ஒன்றைத் தொடங்கத் தயங்குகிறோம் நாம்.

1932இல் ஒரு புதிய பச்சைப் பாசியை விவரித்து, ஆசிரியரின் நினைவாக ஃபிரிட்சியெல்லா என்று பெயரிட்டார். ஈரமண்ணில் வாழும் அதன் ஒரு பகுதி மண்ணுக்குள் படரும். இன்னொரு பகுதி மேலே நிமிரும். நீரில் வாழ்ந்த செடிகள் நிலத்துக்கு எப்படி ஏறியிருக்கலாம் என்று யோசிப்பவர்கள் இன்றும் அதைக் குறிப்பிடுகிறார்கள். ஏழு ஆண்டுகள் கழித்து அவருடைய பெயரும் ஒரு பாசிக்குப் போனது.

சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகத்தின் இயக்குநராக இருந்து 1944இல் ஓய்வு பெற்றார். தேடல் ஓயவில்லை. 1962இல் தோன்றிய இந்தியப் பாசியியல் சங்கத்துக்கு அவர்தான் முதல் தலைவர். அடுத்த ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள், 77ஆவது பிறந்தநாளுக்கு ஐந்து நாள் இருக்கும்போது காலமானார்.

வால்வோகேல்ஸ் என்ற நன்னீர்ப் பாசி வகையைப் பற்றிய பெரிய நூல் 1981இல்தான் அச்சானது. அதன் அட்டையில் இரண்டு பெயர்கள்: ஐயங்கார், அவருடைய மாணவர் தேசிகாச்சாரி.